மங்கல் இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

தொலைந்த பொருள் மீட்பு இயக்குநரகம் தன் ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுப்பியபோது, கணிப்பொறிகளையும் அவர்களோடு அனுப்பலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு கணிப்பொறியைக் கட்டடத்துக்கு வெளியே அனுப்ப எட்டுக் கையெழுத்துகள் வேண்டும். ஓர் ஊழியரை அனுப்ப ஒரு கையெழுத்து போதும். ஆகவே கணிப்பொறிகள் இருந்தன. ஊழியர்கள் போனார்கள்.

அது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நாற்பத்தொன்றாம் இருக்கையில் இருந்த பெண்மணிக்கு இப்போது வயது நாற்பத்தேழு. பதவி, மூன்றாம் நிலைப் பொருத்துநர். பேருந்திலும் ரயிலிலும் மக்கள் விட்டுவிட்டுப் போன பொருள்கள் கிடங்குக்கு வரும். அவற்றைப் படம் எடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுவார்கள். தொலைத்தவர்கள் அடையாளம் எழுதி விண்ணப்பிப்பார்கள். எந்தப் படம் எந்த விண்ணப்பத்துக்குப் பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை.

காலை ஒன்பது மணிக்குத் தன் மடிக்கணினியைத் திறந்து இணைப்பைத் தட்டுவாள். அலுவலகத்தில் ஆளில்லாத மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியின் திரை, அவள் வீட்டுத் திரையில் வந்து நிற்கும். எதிர்வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பது போல இருக்கும். இங்கே கணிப்பொறி எலியை நகர்த்தினால் அங்கே அம்பு நகரும். ஐந்து நிமிடம் அம்பு நகராவிட்டால் அரைநாள் விடுப்பைக் கழித்துவிடுவார்கள். அதனால் சாப்பிடும்போதும் இடது கை எலியின் மேலேயே இருக்கும்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் தண்ணீர் கேன் போடுபவர் மணி அடித்து, "கேன்" என்பார். வாங்கிக்கொண்டு காலியைக் கொடுப்பாள். பெரும்பாலான வாரங்களில் அவளை நேரில் பார்த்து ஒரு மனிதர் சொன்ன ஒரே சொல் அதுவாகத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு சுற்றறிக்கை வந்தது. இருநூறு பேர் ஒரே நேரத்தில் இருநூறு திரைகளைத் தொலைவிலிருந்து பார்ப்பதால் இணைப்பு திணறுகிறது. எனவே படத்தின் தரம் இனிப் பதவிக்கு ஏற்ப வழங்கப்படும். இயக்குநருக்கு எல்லா நிறங்களும். துணை இயக்குநர்களுக்கு இருநூற்றைம்பத்தாறு நிறங்கள். பிரிவுத் தலைவர்களுக்குப் பதினாறு. மூன்றாம் நிலையினருக்கு 'சிக்கனத் தரம்'. அதாவது நிறம் இல்லை. சாம்பலில் பதினாறு சாயல்கள், ஓரங்கள் கரைந்த நிலையில். 'கீழ்நிலைப் பணிகளில் நிறம் ஓர் ஆடம்பரம்' என்று சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி விளக்கியது.

ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. 'பணியாளர்களுடன் நேரடித் தொடர்பு' என்ற திட்டத்தின்படி எல்லாத் திரைகளின் பின்னணியிலும் இயக்குநரின் அசையும் உருவம் வைக்கப்பட்டிருந்தது. அது முழு நிறத்தில், முழுத் தெளிவில் வரும். நிமிடத்துக்கு ஒருமுறை அவர் கண் சிமிட்டுவார். அப்போது அவர் இமைமயிரைக்கூட எண்ணலாம். முன்னால் கிடக்கும் பொருள் பல்செட்டா சோப்புப் பெட்டியா என்பதுதான் தெரியாது.

குடை கேட்ட பெரியவர் ஒருவருக்கு ஊன்றுகோல் போனது. அவருக்கு அது தேவையாக இருந்திருக்க வேண்டும். நன்றிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை ஆண்டறிக்கையில் அச்சிட்டார்கள். ஊதுகுழலைத் தொலைத்த இசைக்காரருக்குச் சைக்கிள் பம்பு போனது. அவர் எழுதிய கடிதத்தை அச்சிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சலூன்காரரின் விண்ணப்பம் வந்தது.

'காது மெஷின். வலது காதுக்கு உண்டானது. ஓரத்தில் கடுகளவு சிவப்புப் புள்ளி இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக் குழந்தை அழுதது. கழற்றிப் பையில் போட்டதாக நினைத்தேன். போடவில்லை போலிருக்கிறது. முடி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். மெஷின் இல்லாமல் சிரமமாக இருக்கிறது. புதிது கேட்டால் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் வரிசை.'

கிடங்கில் ஒற்றையாக வந்து சேர்ந்த காது மெஷின்கள் பதினொன்று இருந்தன. படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதினொன்றும் வேகவைத்த அவரை விதை போல இருந்தன. ஓரத்தில் புள்ளி இருந்தது. சாம்பல் புள்ளி. வலது காதுக்குச் சிவப்பு, இடது காதுக்கு நீலம் என்பது அவளுக்குத் தெரியும். சிக்கனத் தரத்தில் இரண்டும் ஒரே சாம்பல். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, மற்றவற்றைவிடச் சற்றே அடர்த்தியாகத் தெரிந்த ஒன்றைப் பொருத்தி அனுப்பினாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அது திரும்பி வந்தது. விண்ணப்பத்தின் குறிப்புக் கட்டத்தில் அவர் எழுதியிருந்தார்.

'மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இது இடது காதுக்கு. எனக்கு இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். கடையில் ரேடியோ ஓடுகிறதா என்று இப்போது தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நேற்று ஒருத்தர் ஓரம் மட்டும் வெட்டச் சொன்னாராம். நான் மொட்டை போட்டுவிட்டேன். பாதியில் அவர் கத்தியிருக்கிறார். சந்தோஷத்தில் பாடுகிறார் என்று நினைத்தேன்.'

அதைப் படித்துவிட்டு அவள் சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டாள். அடுத்து விதிகளைப் படித்தாள். பொருள் அனுப்பப்பட்டால் கோப்பு மூடப்படும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பொருள்தான். மீதியை மொத்தமாக அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல முடியாது. மூடிய கோப்பைத் திறக்க வேண்டுமானால், படம் தெளிவாக இல்லாததால் தவறு நேர்ந்தது என்று தெளிவுக் குழு சான்று தர வேண்டும். தொண்ணூறு நாளில் உரியவரிடம் சேராத பொருள் நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். ஐம்பத்திரண்டு நாள் ஓடியிருந்தது. புது மெஷின் கேட்டால் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் வரிசை என்று அவர் முதல் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்.

கிடங்குக்குப் போன் செய்தாள். கிடங்குக்காரர் எடுத்தார்.

"அண்ணே, காது மெஷின் பெட்டியில எதுல சிவப்புப் புள்ளி இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

"பாக்கறது உங்க வேலைங்க. நான் எடைதான் சொல்லலாம்."

"உங்க கையிலதானே இருக்கு? ஒரு தடவை திருப்பிப் பாத்தாப் போதும்."

"பாத்துட்டேன்னு வைங்க, பொருத்துநர் வேலைய நான் செஞ்சதா ஆயிடும். போன வருஷம் ஒருத்தன் தொப்பி பச்சைன்னு சொல்லிட்டான். இன்னும் விசாரணை நடக்குது." கொஞ்சம் யோசித்து, இரக்கத்தோடு சேர்த்தார்: "எடை வேணுமா? எல்லாமே நாலு கிராம்."

பிறகு அவள் படத் தெளிவு மேம்பாட்டுக் கோரிக்கைப் படிவத்தைத் தேடினாள். அது அலுவலகக் கணிப்பொறியில் மட்டுமே இருந்தது. எறும்பு எழுத்து, சிக்கனத் தரத்தில் எறும்புகள் மழையில் நனைந்த மாதிரி இருந்தன. கட்டங்களை ஊகித்து நிரப்பி அனுப்பினாள். நான்காம் நாள், அலுவலக வளாகத்தில் அவளுக்குச் சைக்கிள் நிறுத்த நிரந்தர இடம் ஒதுக்கப்பட்டிருப்பதாக வாழ்த்துக் கடிதம் வந்தது.

இரண்டாம் முறை சரியான படிவம் போய்ச் சேர்ந்ததும் இணைப்பு இன்ஜினியர் போனில் அழைத்தார். சின்னக் குரல், மரியாதையான பையன்.

"மேடம், உங்க பக்கம் சில விஷயம் சரிபண்ணலாம். வைஃபைல பாக்கறீங்களா?"

"ஆமா."

"கேபிள் போடுங்க. அப்புறம் உங்க திரையோட அளவும் ஆபீஸ் திரையோட அளவும் ஒண்ணா இருக்கணும். ஒண்ணை இழுத்து இன்னொண்ணுல பொருத்தினா எழுத்தெல்லாம் கரையும். நூத்துக்கு நூறுன்னு வைங்க."

கேபிள் குட்டையாக இருந்தது. இணைப்புப் பெட்டி வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருந்ததால் மேசையைக் கதவோரத்துக்கு இழுத்தாள். அதன்பிறகு கதவைப் பாதிதான் திறக்க முடிந்தது. யாரும் வருவதில்லை என்பதால் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. எழுத்துகள் சற்று நிமிர்ந்தன. சாம்பல் சாம்பலாகவே இருந்தது.

"நிறம் உங்க நிலைக்கு நாங்க திறக்க முடியாது மேடம். நெருக்கிச் சுருக்கி அனுப்பறாங்க, அதான் ஓரமெல்லாம் போயிடுது. லைன் முழுக்க வேற ஒண்ணு அடைச்சுக்கிட்டிருக்கு."

"எது?"

"பின்னணி."

திரையில் இயக்குநர் கண் சிமிட்டினார்.

"அதை எடுத்துட்டா?"

"எடுத்துட்டா எல்லாருக்கும் முழு நிறமும் வரும் மேடம். ஆனா எதை எடுக்கச் சொல்றீங்கன்னு இன்னொரு தரம் யோசிச்சுக்கோங்க. இந்தப் போன் பேச்சு பதிவாகுது." குரலைத் தாழ்த்தினார். "நானும் சிக்கனத் தரம்தான் மேடம். நீங்க என்ன புகார் எழுதியிருக்கீங்கன்னே எனக்குச் சரியாத் தெரியலை. குத்துமதிப்பாத்தான் கூப்பிட்டேன்."

தெளிவுக் குழு ஆதாரம் கேட்டது. மங்கலான திரையை அப்படியே படம் பிடித்து அனுப்பும்படி எழுதியிருந்தார்கள். அதற்கான பொத்தானை அழுத்தினாள். படத்தைப் பிடித்தது அலுவலகத்தில் இருந்த கணிப்பொறி. அந்தத் திரையில் மங்கல் கிடையாது. மங்கல் எல்லாம் வழியில் வருவது. ஆகவே குழுவுக்குப் போன ஆதாரம் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. வீட்டுத் திரையைத் தன் செல்போனில் எடுத்து இன்னொரு படம் அனுப்பினாள். சொந்தக் கருவியில் எடுத்த படம் ஏற்கப்படாது என்று திரும்பி வந்தது. கூடவே, கண் பரிசோதனை செய்துகொள்ளும்படி அறிவுரை.

கண் டாக்டரிடம் போனாள். அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, இரண்டு கண்களுக்குள்ளும் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "அருமையான கண்ணு. இந்த வயசுக்கு இப்படி இருக்கறது அபூர்வம்" என்றார். அன்று மாலை முழுக்க அந்த வாக்கியம் அவளோடு இருந்தது.

சான்றிதழை அனுப்பினாள். பதில் வந்தது: 'படம் தெளிவாக உள்ளது. கண்ணும் தெளிவாக உள்ளது. எனவே கோரிக்கைதான் மங்கலாக உள்ளது எனக் குழு கருதுகிறது. நேர்விசாரணைக்கு வரவும்.' நேர்விசாரணை என்பது கணிப்பொறி வழியாக.

இதற்கிடையே குறிப்புக் கட்டத்தில் சலூன்காரர் எழுதிக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தின் நிலையை விசாரிக்க வாரத்துக்கு நானூறு எழுத்துகள் அனுமதி உண்டு. அவர் நானூறையும் பயன்படுத்தினார். வாடிக்கையாளர்கள் இப்போது தாளில் படம் வரைந்து காட்டுகிறார்களாம். ஒருத்தர் வரைந்த படத்தில் மீசை இருந்ததாம், ஆளுக்கு மீசை இல்லையாம், அது என்ன என்று இன்னும் புரியவில்லையாம். 'பேச்சு இல்லாத சலூன் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு தங்கச்சி' என்று ஒரு வாரம் எழுதியிருந்தார். மேடம் எப்போது தங்கச்சி ஆனாள் என்று அவள் பின்னோக்கிப் போய்த் தேடினாள். மூன்றாவது கடிதத்தில்.

அவளும் பதில் எழுதினாள். அலுவலர் பதிலுக்கு நூறு எழுத்துகள்தான் அனுமதி. 'முயற்சி செய்கிறேன் அண்ணே. கைவிடமாட்டேன்' என்று எழுதியும் மிச்சம் இருந்தது. மிச்சத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், 'இங்கேயும் சத்தம் இல்லை' என்று சேர்த்தாள்.

விசாரணை எழுபத்தெட்டாம் நாள் நடந்தது. அவள் புதிதாகத் தேய்த்த புடவையைக் கட்டிக்கொண்டு கதவோரத்தில் உட்கார்ந்தாள். குழுவில் ஐந்து பேர். ஐந்து சாம்பல் கட்டங்களில் ஐந்து சாம்பல் தலைகள். பேசும்போது கட்டத்தின் ஓரம் மின்னும், அதை வைத்துத்தான் தலைவர் யார் என்று தெரிந்துகொண்டாள்.

"சிக்கனத் தரத்துல படம் மங்கலா இருக்குன்னு சொல்றீங்க. உங்க வீட்டுல வேற யாராவது பாத்தாங்களா? ரெண்டு சாட்சி வேணும்" என்றார் ஒரு பெண் உறுப்பினர்.

"வீட்டுல நான் மட்டும்தாங்க."

"வேற யாரும்?"

"இல்லீங்க."

"பக்கத்து வீடு? சொந்தக்காரங்க? வந்துபோறவங்க?"

தண்ணீர் கேன் போடுபவரைச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் பெயர் அவளுக்குத் தெரியாது. "யாரும் இல்லீங்க" என்றாள்.

"சாட்சி, இல்லை. வீட்டில் ஆட்கள், இல்லை" என்று யாரோ உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்தார்கள்.

தலைவரின் கட்டம் மின்னியது.

"அம்மா, நான் இந்தக் குழுவுல பதினோரு வருஷமா இருக்கேன். இதுவரைக்கும் முந்நூத்திப் பன்னெண்டு மங்கல் புகார் வந்திருக்கு. ஒண்ணைக்கூட எங்களால கண்டுபிடிக்க முடியலை. மங்கலைக் கண்டுபிடிக்கறதுக்குன்னே நியமிச்ச குழுவுக்கே மங்கல் கண்ணுல படலைன்னா, நம்ம நிறுவனம் எவ்வளவு தெளிவா இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. இன்னொண்ணு. தெளிவாப் பாத்து என்ன செய்யப் போறீங்க? தெளிவாப் பாத்தா முடிவெடுக்கணும். முடிவெடுத்தா கையெழுத்துப் போடணும். நான் இந்த நாற்காலிக்கு வந்ததுக்கு அப்புறம் எதையும் உத்துப் பாத்ததில்லை. ரெண்டு பதவி உயர்வு. ரத்த அழுத்தம் கிடையாது. இதை அறிவுரையா இல்லாம, ஒரு அண்ணன் சொல்றதா எடுத்துக்கோங்க."

"ஒருத்தருக்குக் காது கேக்கலைங்க" என்றாள் அவள். "இன்னும் பன்னெண்டு நாள்ல அதை நொறுக்கிடுவாங்க."

"அது நொறுக்கல் பிரிவு. நாங்க தெளிவு" என்றார் தலைவர்.

படத்தில் மங்கல் இல்லை எனக் குழு ஒருமனதாகச் சான்றளித்தது. ஒவ்வொரு கட்டமாக அணைந்தது. அவள் "நன்றிங்க, ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி முடித்தபோது, இயக்குநர் மட்டும் எதிரே இருந்து கண் சிமிட்டினார். எழுந்து புடவையை மாற்றிக்கொண்டாள். மணி பதினொன்றேகால்தான் ஆகியிருந்தது.

அன்று மதியம் அவள் விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். அவள் பணியாற்றிய பத்தொன்பது ஆண்டுகளில் யாரும் செய்யாத காரியம். மூன்றாம் நிலைப் பணியாளர்கள் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்று எழுதியிருந்தது. பொருளைத் தொலைத்தவர் வரலாம். தொலைத்தவருக்குக் கண், காது, கால் ஏதேனும் குறை இருப்பின் ஒரு துணையாளை அழைத்து வரலாம். துணையாள் யாராக இருக்கக்கூடாது என்று எதுவும் எழுதவில்லை.

குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்: 'வியாழன் காலை பத்து மணி. ஆபீஸ் வாசல் பஸ் ஸ்டாப். காது கேக்காதுன்னு டாக்டர் சீட்டு கொண்டு வாங்க. துணைக்கு நான் வரேன்.'

எண்பத்து நான்காம் நாள். இணைப்பை அணைக்காமல், மடிக்கணினியைத் திறந்தபடியே வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். இணைப்பு அறுந்தால் அங்கே அவள் திரை பூட்டிக்கொள்ளும். அரைநாள் விடுப்பு போனால் போகட்டும்.

சலூன்காரருக்கு அறுபது வயது இருக்கும். குட்டையான மனிதர். சட்டைப் பையில் சீப்பு. அவர் தலைமுடிதான் பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு, "நம்ம தலைய நாமளே வெட்டிக்க முடியாது இல்ல? வேற கடைக்குப் போகவும் மனசு வராது" என்றார். தன் குரல் தனக்குக் கேட்காததால் தெருவுக்கே கேட்கும்படி பேசினார். "நீங்க மெதுவாப் பேசுங்க தங்கச்சி. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன்."

அவள் பேசினாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சமாக இருந்தது. பேசும்போது ஒருவர் முகத்தைப் பார்ப்பது என்பதே மறந்துபோயிருந்தது.

வாசலில் காவலாளி டாக்டர் சீட்டைப் படித்தார். "பணியாளர் யாரும் உள்ள போகக்கூடாது. நீங்க யாரு?" என்று அவளைக் கேட்டார்.

"இவருக்குத் துணையா வந்தேன்."

நான்கு ஆண்டுகளில் தன்னைப் பற்றி அவள் சொன்ன வாக்கியங்களில் இதுதான் நல்ல வாக்கியம் என்று தோன்றியது.

கிடங்குக்குப் போகும் வழி பெரிய கூடத்தைத் தாண்டித்தான் போனது. அவள் நின்றுவிட்டாள். இருநூறு மேசைகள், இருநூறு நாற்காலிகள். நாற்காலிகளின் மேல் தூசி பனியன் துணி போலப் படிந்திருந்தது. ஓர் ஆள் இல்லை. இருநூறு திரைகளும் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் நிறம் இருந்தது! மஞ்சள் மழைக்கோட்டு, ஊதாச் சூட்கேஸ், பச்சை டிபன் டப்பா, ஆரஞ்சு வண்ணத்தில் ஒரு பந்து. ஒவ்வொன்றும் கையால் எடுத்துவிடலாம் போலத் துல்லியமாக இருந்தது. பார்க்க ஒருவர்கூட இல்லாத அறையில் அத்தனை தெளிவும் வழிந்துகொண்டிருந்தது. அம்புகள் தாமாகவே நகர்ந்தன. முப்பதாம் இருக்கையில் யாரோ விடுப்பு விண்ணப்பம் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். இன்னொரு திரையில் வேலை ஏதும் திறந்திருக்கவில்லை. அம்பு மட்டும் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று யாரோ எங்கிருந்தோ காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இதெல்லாம் ஓட்டறாங்க?" என்று கத்தினார் சலூன்காரர்.

அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். "நாங்கதான்."

கிடங்குக்காரர் சத்தம் கேட்டு வந்தார். அவளைப் பார்த்தார். "சிவப்புப் புள்ளி கேட்ட அம்மாதானே நீங்க? இவரு கத்தறதக் கேட்டாலே தெரியுது" என்றார். அவள் நாற்பத்தொன்றாம் இருக்கையைப் பார்த்தாள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் எதையும் கவனிக்கலை. கவனிக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். காலை அவள் விட்டுவந்த இடத்திலேயே திரை இருந்தது. விதிப்படி விண்ணப்பம் ஒன்றைப் புதிதாகப் போட்டாள். தொலைத்தவர் நேரில் வந்தால் மூடிய கோப்பு பொருட்டில்லை, அதையும் படித்திருந்தாள். காது மெஷின் படங்களைத் திறந்தாள். நீலம், நீலம், சிவப்பு, நீலம். சிவப்பு நான்கு இருந்தன. "இதுல எது?" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் மூன்றாவதைத் தொட்டார்.

"நகத்துல கீறி வெச்சிருப்பேன் பாருங்க."

கீறல் இருந்தது. மயிரிழை போல ஒரு கீறல். அதைக்கூடக் காட்டியது அந்தத் திரை. பொருத்தம் என்று தட்டினாள்.

கிடங்குக்காரர் சீட்டைப் பார்த்து, மெஷினைக் கொண்டுவந்து, தராசில் வைத்து, "நாலு கிராம்" என்று அறிவித்துவிட்டுக் கொடுத்தார். சலூன்காரர் சட்டைப் பையிலிருந்து புதுப் பேட்டரி ஒன்றை எடுத்தார். தொலைந்த நாளிலிருந்து தினமும் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். அவசரத்தில் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை பொருத்தி, காதுக்குள் வைத்து, திருகினார். கீச்சென்று ஒரு சத்தம் வந்து அடங்கியது.

அவர் அப்படியே நின்றார். தலையைச் சற்றுச் சாய்த்தார்.

"மழை பெய்யுதா?"

அவளும் காது கொடுத்துக் கேட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இருநூறு கணிப்பொறிகளின் விசிறிகள் விடாமல் இரைந்துகொண்டிருந்தன.

"மழை இல்லை அண்ணே" என்றாள். "நாங்க எல்லாரும் வேலை பாக்கறோம்."

அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே தலையை ஆட்டினார். இனி உதட்டைப் பார்க்கத் தேவையில்லை. அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ ஒன்று குறைந்தது போலவும் இருந்தது.

அடுத்த வாரம் தெளிவுக் குழுவின் கடிதம் வந்தது. சர்ச்சைக்குரிய பொருள் சரியான நபரிடம் சேர்க்கப்பட்டது குழுவின் கவனத்துக்கு வந்துள்ளது. சிக்கனத் தரத்தில் சிவப்புப் புள்ளியைக்கூட அடையாளம் காண முடியும் என்பது இதனால் ஐயமின்றி நிரூபணமாகிறது. பொருத்துநருக்குப் பாராட்டுகள். பதினாறு சாயல்கள் தேவைக்கு அதிகம் என்பதும் தெரியவருவதால், மூன்றாம் நிலையினருக்கு அடுத்த மாதம் முதல் எட்டுச் சாயல்கள் போதும். மிச்சப்படும் இணைப்புத் திறனில் இயக்குநரின் உருவம் இனிப் புன்னகையும் செய்யும். வியாழக்கிழமை அம்பு நகராததற்காக அரைநாள் விடுப்பு கழிக்கப்பட்டுள்ளது.

அடுத்த மாதமும் வந்தது. இயக்குநர் புன்னகைத்தார். பொருள்கள் இப்போது பொருள்களின் நிழல்கள் போல இருந்தன. ஒரு புதன்கிழமை முற்பகல், என்னவென்றே விளங்காத ஒரு படத்தைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. புதன்கிழமை அவளுக்கு யாரும் போன் செய்வதில்லை. தவறான எண்ணாக இருக்கும் என்று நினைத்தபடி எடுத்தாள்.

"தங்கச்சி, நான்தான் சலூன்லேருந்து. ரசீதுல உங்க நம்பர் இருந்துச்சு. ஒண்ணுமில்லை, சும்மாதான். போன்ல எப்படிக் கேக்குதுன்னு பாக்கலாம்னு."

"கேக்குதா அண்ணே?"

"கணீர்னு கேக்குது. என்ன பண்றீங்க?"

"ஒரு படத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். என்னன்னே தெரியலை. உருண்டையா, சாம்பலா, தலை மாதிரி இருக்கு."

"முடி இருக்கா?"

"இல்லை."

சலூன்காரர் கடைக்குள் திரும்பிக் கேட்பது கேட்டது. "உருண்டையாம். முடி இல்லையாம். பஸ்ல விட்டுட்டுப் போயிருக்காங்க. என்னவா இருக்கும்?" பின்னால் பல குரல்கள் எழுந்தன. ஒருவர் பூசணிக்காய் என்றார். ஒருவர் ஹெல்மெட் என்றார். "என் மாமனார் தலையா இருக்கும், எங்கயோ விட்டுட்டாரு" என்றது இன்னொரு குரல். கடையே சிரித்தது.

அவளும் சிரித்தாள். அறையில் கேட்ட சிரிப்பு யாருடையது என்று ஒரு நொடி திகைத்தாள்.

"ஹெல்மெட்னா கீழே பட்டி தொங்கும் தங்கச்சி. நல்லாப் பாருங்க."

பார்த்தாள். கீழே ஒரு சாம்பல் இழுப்பு இருந்தது. பட்டியாகவும் இருக்கலாம். "இருக்கற மாதிரிதான் இருக்கு" என்றாள். ஹெல்மெட் தேடிய விண்ணப்பங்களைத் திறந்தாள். ஆறு இருந்தன.

"சரி தங்கச்சி, நாற்காலியில ஆள் உக்காந்துட்டாரு. வெச்சுடட்டுமா?"

"வெக்காதீங்க அண்ணே" என்றாள். தன் குரல் அவ்வளவு அவசரமாக வந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "அப்படியே அங்க ஓரமா வெச்சுடுங்க. நீங்க வேலையப் பாருங்க. நானும் பாக்கறேன்."

சலூன்காரர் ஏன் என்று கேட்கவில்லை. போன் எங்கோ மரப்பலகையில் உட்காரும் சத்தம் வந்தது. பிறகு தண்ணீர் பீய்ச்சும் சத்தம், யாரோ செய்தித்தாள் புரட்டும் சத்தம், ரேடியோ, கத்தரிக்கோல். அவள் போனை மடிக்கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். முதல் விண்ணப்பத்தைப் படிக்கத் தொடங்கினாள்.